நின்றுவிடும் என்று நம்பியவர்

அவர் வாயிலிருந்து ஒரு கெட்ட செய்தியை வாங்க எனக்குப் பதினோரு மாதம் ஆயிற்று.

மும்பை கோவண்டியில் ரயில் பாதையை ஒட்டி இருந்த ஒரு கார் சர்வீஸ் சென்டரில் அவர் அட்வைசர். நாம் கொண்டுபோய் விடும் வண்டியின் குறையைக் கேட்டு ஜாப் கார்டில் எழுதி, உள்ளே மெக்கானிக்கிடம் அனுப்பி, சாயங்காலம் சாவியைத் திருப்பித் தருகிறவர். நாற்பது வயது இருக்கும். தேய்த்த நீலச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா, காலையில் இட்டு மதியத்துக்குள் அழிந்துபோகும் சந்தனம். பாலக்காட்டுப் பூர்வீகம், வளர்ந்தது மாட்டுங்காவில். முதல் நாள் என்னிடம் இந்தியில்தான் பேசிக்கொண்டிருந்தார். நான் போனில் என் வீட்டுக்காரரிடம் தமிழில் கத்துவதைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"அடடா, நம்ம பாஷையா? மொதல்லயே சொல்லப்படாதா மேடம்?"

அன்றிலிருந்து எனக்கு மட்டும் ஏலக்காய் போட்ட டீ. எதைச் சொல்ல வந்தாலும் முதலில் டீ. டீ வந்து, ஆறி, குடித்து முடிப்பதற்குள் நாம் கொண்டுவந்த கோபம் பாதி கரைந்திருக்கும். இதை அவர் தந்திரமாகச் செய்தார் என்று பல நாள் நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. எதிரில் இருப்பவர் முகம் சுருங்கினால் அவரால் தாங்க முடியாது. அதுதான் அவருடைய வியாதி.

நான் பிசியோதெரபிஸ்ட். செம்பூரில் ஒற்றை அறையில் கிளினிக் வைத்திருக்கிறேன். வீடு சுனாபட்டியில். பிறந்து வளர்ந்ததெல்லாம் தாராவி. கட்டிலை விட்டு எழ முடியாதவர்களை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்ப்பதும் உண்டு. கடற்கழிக்கு அந்தப் பக்கம், ஐரோலியில் அப்போது மூன்று பேர் இருந்தார்கள். இரண்டு ரயில், ஒரு ஆட்டோ என்று மாறி மாறிப் போய் என் இடுப்பே பிடித்துக்கொண்டதால்தான் கார் வாங்கினேன். எங்கள் குடும்பத்தில் முதல் கார். புத்தம் புதியது.

வாங்கி மூன்று மாதம் இருக்கும். காலையில் கிளம்பும்போது எங்கள் கட்டடத்து வாட்ச்மேன் கையைக் காட்டி நிறுத்தினார். புதிதாகப் பதித்த தரைக்கல்லில், என் வண்டி நின்ற இடத்தில், ஒரு கறுப்புப் பொட்டு. குனிந்து விரலால் தொட்டு மோந்து பார்த்தேன். எஞ்சின் ஆயில்.

அன்றைக்கே கோவண்டிக்குப் போனேன். டீ வந்தது.

"ஒண்ணுமில்லை மேடம்," என்றார். "போன சர்வீஸ்ல ஆயில் ஊத்தறச்சே ரெண்டு சொட்டு சிந்தியிருக்கும். எஞ்சினுக்கு அடியில ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கு. அதுல தங்கி மெதுவா இறங்கறது. தொடச்சுக் குடுத்துடறேன், நிம்மதியா இருங்கோ."

துடைத்துக் கொடுத்தார். பத்து நாள் தரை சுத்தமாக இருந்தது. பதினோராம் நாள் பொட்டு மறுபடியும் அதே இடத்தில் இருந்தது.

பெரிய ஒழுகலாக இருந்தால் யாரும் வாதாட முடியாது. இது வாரத்துக்கு நாலு சொட்டு. ஆயில் அளக்கும் கம்பியை உருவிப் பார்த்தால் குறைவே தெரியாது. லிஃப்டில் ஏற்றி அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் ஒரு சொட்டும் விழாது. கழுவி அனுப்பினால் ஒரு வாரம் நல்ல பிள்ளையாக இருக்கும். எங்கள் வாசலுக்கு வந்த பிறகு, யாரும் பார்க்காத நேரத்தில் சொட்டும். நானே கற்பனை செய்துகொள்கிறேனோ என்று எனக்கே சந்தேகம் வரும்படி.

என் வீட்டுக்காரருக்கு அந்தச் சந்தேகம் உறுதியாகவே இருந்தது. அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது, ரயிலில் ஆபீஸ் போகிறவர்.

"கம்பெனிக்காரன் ஒண்ணுமில்லைன்னு சொல்லுதாம்லா? அப்புறம் என்ன? நீ எதையும் நம்ப மாட்டே."

"தரையில இருக்கிறது என்ன, மைப்பொட்டா?"

"பக்கத்து வண்டியிலேர்ந்து விழுந்திருக்கும்."

அதனால் அட்டை போட ஆரம்பித்தேன். மருந்துக் கடையில் ஒரு பெரிய அட்டைப் பெட்டி கேட்டு வாங்கிப் பிரித்து, தினமும் வண்டியை நிறுத்தியதும் எஞ்சினுக்கு நேர் கீழே தள்ளிவைத்தேன். காலையில் இழுத்துப் பார்த்து, விழுந்திருக்கும் சொட்டைப் பேனாவால் வட்டமிட்டுத் தேதி எழுதினேன். மூன்று வாரத்தில் பதினாலு வட்டம். அந்த அட்டையை மடித்து எடுத்துக்கொண்டு கோவண்டிக்குப் போய், அவர் மேஜைமேல் விரித்தேன்.

மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வட்டமாகப் படித்தார்.

"எவ்வளவு நீட்டா பண்ணியிருக்கேள்! எங்க ஆளுகளுக்கு இதை ஒரு நாள் காட்டணும்."

"சார், பாராட்ட வேண்டாம். எங்கேயிருந்து ஒழுகுதுன்னு சொல்லுங்க."

"ஒழுகறதுன்னு சொல்ல முடியாது. கொஞ்சம் வேர்க்கும். புது எஞ்சின் இல்லையா. கீழே ஆயில் வடிக்கற டிரெயின் பிளக்குக்கு வாஷர் மாத்தித் தரச் சொல்றேன். அதோட சரியாயிடும்."

வாஷரை மாற்றினார்கள். சரியாகவில்லை. அடுத்த முறை ஆயில் பில்டரை மாற்றினார்கள். அதற்கு அடுத்த முறை அடியிலிருந்த பிளாஸ்டிக் தட்டையே கழற்றிச் சுத்தம் செய்து மாட்டி, காருக்கு உள்ளே வெளியே இலவசமாக ஒரு வாட்டர் வாஷும் செய்து கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் வேலை கெட்டது. ஐரோலி நோயாளிகளுக்குப் போன் செய்து "நாளைக்கு வர்றேன்" என்று சொல்லிச் சொல்லி, அதில் ஒருவர் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்.

அந்தக் காத்திருப்பு அறையில் உட்கார்ந்து உட்கார்ந்து, வண்டியைவிட அவரைத்தான் அதிகம் கவனித்தேன்.

ஒரு நாள் காலையில் ஒரு மராத்திக்காரர் வந்திருந்தார். தன் பெண்ணின் நிச்சயதார்த்தத்துக்குப் பூனா போகவேண்டும், பிரேக் வேலை முடிந்தால் உடனே கிளம்பலாம் என்று புது ஜிப்பாவோடு வந்து உட்கார்ந்தார். இவர் அவருக்கும் டீ கொடுத்து, "அரை மணி நேரம்" என்றார். பதினோரு மணிக்கு ஒரு அரை மணி. சாப்பாட்டு வேளைக்கு ஒரு அரை மணி. மூன்று மணிக்கு ஒன்று. ஆறு மணிக்குத்தான், வரவேண்டிய சாமான் அன்றைக்கு வரவே போவதில்லை, வண்டி நாளைக்குத்தான் என்று தெரிந்தது. அந்த மனிதர் எழுந்து போட்ட சத்தத்தில் கண்ணாடி அதிர்ந்தது. இவர் கையைக் கட்டிக்கொண்டு நின்று அத்தனையும் வாங்கிக்கொண்டார். பிறகு தானே வெளியே ஓடி ஒரு டாக்ஸியைப் பிடித்து, அவர் பையைத் தூக்கிவைத்து அனுப்பிவிட்டு வந்தார். சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. "சாமான் வராதுன்னு உங்களுக்கு எப்போ தெரியும்?" என்று கேட்டேன்.

"காத்தாலயே தெரியும்."

"அப்போதே சொல்லியிருந்தா அவர் பஸ்ஸிலயாவது போயிருப்பாரே?"

என்னை நிமிர்ந்து பார்த்தார். புரியாதது மாதிரி. "எவ்வளவு சந்தோஷமா வந்தார், பாத்தேள் இல்லையோ? வந்ததும் வராததுமா எப்படிச் சொல்றது?"

இன்னொரு நாள் நான் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே அவருக்கு ஊரிலிருந்து போன். அப்பாவாக இருக்கவேண்டும். "டிக்கெட் கிடைச்சாச்சுப்பா. ஆமாம், நாலு பேருக்கும். நிம்மதியா இருங்கோ" என்றார். போனை வைத்துவிட்டு என்னிடம், "வெயிட்டிங் லிஸ்ட்தான். கன்ஃபர்ம் ஆயிடும்" என்று சிரித்தார். ஆயிற்றோ இல்லையோ, நான் கேட்கவில்லை. கேட்டால் ஆயிற்று என்றுதான் சொல்லியிருப்பார்.

இப்படிப்பட்ட ஆளை முழு மனதோடு வெறுத்துவிட்டால் எனக்கும் சுலபமாக இருந்திருக்கும். அதற்கும் இடம் கொடுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொட்டுகிற மழையில், கோவண்டி சிக்னலுக்குப் பக்கத்தில் என் வண்டி பேட்டரி செத்து நின்றுவிட்டது. அவசர உதவி எண்ணில் பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் அவருக்குப் போன் செய்தேன். அரை மணி என்றார். நான் நம்பவில்லை. ஆனால் இருபதே நிமிடத்தில், அரை டிராயரும் மழைக்கோட்டுமாக, ஸ்கூட்டரில் ஜம்பர் கேபிளைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றார். கூடவே ஒரு டாக்ஸிக்காரரையும் பேசி அழைத்து வந்திருந்தார், டாக்ஸியின் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுப்பதற்கு. என் வண்டி கிளம்பியதும், "ஆத்துக்குப் போய்ச் சூடா ஏதாவது குடியுங்கோ" என்று சொல்லிவிட்டு நனைந்துகொண்டே போனார்.

அடுத்த வாரம் மறுபடியும் அட்டையோடு போய் அவர் முன்னால் உட்கார எனக்குக் கூச்சமாக இருந்தது. கூச்சத்தோடு கோபப்படுவது இருக்கிறதே, அது தலைவலி மாதிரி. உள்ளேயே இடித்துக்கொண்டிருக்கும்.

ஐந்தாவது முறை நான் கேட்டுவிட்டேன். "சார், இதைக் கம்பெனிக்கு எழுதி அனுப்ப முடியாதா? வாரண்டி இருக்கே."

"அனுப்பலாம் மேடம். பேஷா அனுப்பலாம். இன்னும் ஒரு பதினஞ்சு நாள் பாப்போம். நின்னுடும்."

அந்தப் பதினைந்து நாளுக்குள்தான் பாலத்தில் அது நடந்தது.

ஐரோலியில் எனக்கு ஒரு நோயாளி இருந்தாள். ஐம்பத்திரண்டு வயது, பாங்கில் வேலை. இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆகி ஆறு வாரம். வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்திருந்தாள். செம்பூரில் அவளுடைய டாக்டரைப் பார்க்க வேண்டியிருந்தது. எப்படியும் நான் அந்தப் பக்கம்தான் திரும்புகிறேன், என்னோடு வாருங்கள் என்று சொல்லி, முன் சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, தலையணை வைத்து உட்காரவைத்தேன். காலை பத்து மணி. ஐரோலிப் பாலத்தில் ஏறிப் பாதி தூரம் வந்திருப்போம். முதலில் வாசனை வந்தது. தீய்ந்த எண்ணெய் வாசனை. முன்னால் போகும் லாரியாக இருக்கும் என்று நினைத்தேன். அடுத்த நிமிடம் பானட்டின் பின்விளிம்பிலிருந்து, கண்ணாடிக்கு நேரே, வெள்ளைப் புகை ஏறியது.

ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். "இறங்கணும்" என்றேன்.

அவளால் சட்டென்று இறங்க முடியாது. இடுப்பைத் திருப்பக் கூடாது, குனியக் கூடாது. ஆறு வாரமாக நானே அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்த விதிகள். பின் சீட்டிலிருந்து வாக்கரை எடுத்து, விரித்து, அவள் இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்து வெளியே திருப்பி, கக்கத்தில் கை கொடுத்து எழுப்புவதற்குள் இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். புகை எங்கள் முகத்துக்கே வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் லாரிகள் காற்றைக் கிழித்துக்கொண்டு போயின. "பிடிச்சுக்கோ, விட்டுடாதே," என்று அவள் என் தோளில் நகம் பதியப் பிடித்தாள். பத்தடி, இருபதடி என்று நகர்த்திக்கொண்டு போய்ப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்த்து நிறுத்தினேன்.

தீப்பிடிக்கவில்லை. ஒரு தண்ணீர் லாரிக்காரர் நிறுத்திவிட்டு ஓடிவந்தார். பானட்டைத் திறந்து பார்த்து, எஞ்சின் பின்பக்கத்திலிருந்து வழிந்த ஆயில் சூடான புகைக்குழாயில் விழுந்து புகைகிறது, ஓட்டாதே என்று இந்தியில் சொன்னார். பார்த்த ஒரு நிமிடத்தில் சொன்னார். டாக்ஸி வரவழைத்து அவளைச் செம்பூருக்கு அழைத்துப் போனேன். டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, இடுப்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார். வண்டியைக் கட்டி இழுத்துக் கோவண்டிக்குக் கொண்டுபோனார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டில் அந்தப் பதினோரு மாதத்து ஜாப் கார்டுகளை எல்லாம் எடுத்துப் பரப்பினேன். ஐந்து கார்டு. கையெழுத்துப் போட்டிருந்தேனே தவிர, ஒன்றையும் ஊன்றிப் படித்ததில்லை. அவருடைய பொடி எழுத்தில் முதலாவதில் 'அடியில் கறை, துடைக்கவும்' என்ற பொருளில் ஒரு வரி. அடுத்ததில் 'பொதுவாகப் பார்க்கவும்.' அதற்கடுத்ததில் 'வாடிக்கையாளர் விருப்பப்படி பில்டர் மாற்றம்.' நாலாவதில் வெறும் 'வாஷிங்.' ஐந்தாவதிலும் அதே மாதிரி ஏதோ. லீக் என்ற சொல் எந்தக் கார்டிலும் இல்லை. நான் தொண்டை வறள வறளச் சொன்னதெல்லாம் அவர் பேனாவுக்குள் போய்க் கழுவித் துடைத்து வெளியே வந்திருந்தது. கம்பெனியின் கணக்கில் என் வண்டிக்கு ஒரு குறையும் இல்லை.

என் வீட்டுக்காரர் கார்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார். முதல் முறையாக என்னை எதுவும் கேலி பண்ணவில்லை. "எழுது," என்றார். "நடந்ததை அப்படியே எழுது."

கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு மெயில் எழுதினேன். தேதிகள், அட்டையின் படம், பாலத்தில் எடுத்த படம், ஐந்து ஜாப் கார்டு. அவர் பெயரையும் எழுதினேன். ஒரு முறைக்கு இரண்டு முறை எழுதினேன். அனுப்பிவிட்டுத்தான் சோறு சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் கோவண்டிக்குப் போனேன். என் வண்டி ஒரு மூலையில் பானட் திறந்தபடி நின்றது. அவர் அதன் பக்கத்தில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் எப்போதும் டீக்காகக் கை தூக்குவாரே, அது இல்லை.

"லீக் இருக்கு மேடம்," என்றார்.

பதினோரு மாதமாக நான் காத்திருந்த சொல். அது வந்ததும் எனக்கு ஒரு திருப்தியும் வரவில்லை.

"எப்போதிலிருந்து தெரியும்?"

"நீங்க அட்டை கொண்டுவந்தேளே, அன்னிக்கு. மெக்கானிக் லைட் அடிச்சுக் காமிச்சான். டேப்பெட் கவர் பேக்கிங், அதான் எஞ்சின் மேல்மூடிக்கு அடியில இருக்கிற ரப்பர், பின்பக்கத்து மூலையில. அங்கேர்ந்து எஞ்சின் முதுகு வழியா இறங்கி, தட்டுல ஓடி, முன்னால வந்து சொட்டறது. அதான் கீழேர்ந்து பாத்தா எடம் தெரியலை."

"அப்போ வாஷர், பில்டர் எல்லாம்?"

கையிலிருந்த துணியால் பானட் விளிம்பைத் துடைக்க ஆரம்பித்தார்.

"ஏன் சார் எழுதலை? ஒரு வரி எழுதியிருந்தா அன்னைக்கே மாத்தியிருப்பாங்களே?"

"எழுதினா எஞ்சின் மேல்பாகத்தைத் திறக்கணும். கம்பெனிக்குக் கிளெய்ம் போடணும், அவா பத்து கேள்வி கேப்பா, மேனேஜர் சத்தம் போடுவார். அதைக்கூட விடுங்கோ. அப்போ வாங்கி ஆறு மாசம்கூட ஆகலை. உங்க ஆத்துல மொதல் கார்னு சொன்னேள். எஞ்சினைத் திறக்கணும்னு உங்க மொகத்தைப் பாத்து எப்படிச் சொல்றது? கொஞ்சம்தானே வர்றது, ஓட ஓட ரப்பர் இறுகி நின்னுடும்னு நினைச்சேன். நெஜமாவே நினைச்சேன் மேடம்."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னை இன்னும் எரிச்சல்படுத்தியது. ஏமாற்றுகிறவன் என்றால் அவனுக்கு ஒரு லாபமாவது இருக்கும். இவர் என் வண்டி குணமாகிவிட வேண்டும் என்று என்னைவிட அதிகமாக ஆசைப்பட்டிருக்கிறார், ஒன்றுமே செய்யாமல்.

பாலத்தில் நடந்ததைச் சொன்னேன். அந்தப் பெண்ணின் இடுப்பைப் பற்றி, வாக்கரைப் பற்றி, அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றி. அவர் பக்கத்திலிருந்த டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அவாளுக்கு?"

"பிழைச்சாங்க. இடுப்புக்கு எதுவும் ஆகலை."

எழுந்துபோய் ஒரு புது ஜாப் கார்டு எடுத்துவந்து, காரின் கூரைமேல் வைத்து, பெரிய எழுத்தில் எழுதினார். லீக். எங்கே, எப்போதிலிருந்து, எத்தனை முறை கொண்டுவரப்பட்டது, எல்லாம். படித்துப் பார்க்கச் சொல்லி என்னிடம் நீட்டினார்.

நேற்று சாயங்காலமே அவர் பெயரைப் போட்டு மேலிடத்துக்கு எழுதிவிட்டேன் என்று அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கவேண்டும். வாய்வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

வேலை ஒரே நாளில் முடிந்தது. கழற்றிய பேக்கிங்கை மெக்கானிக் காட்டினார். கறுப்பு ரப்பர் வளையம். ஒரு மூலையில் மட்டும் மடிந்து, நகக்கண் அளவுக்குக் கீறல். தயாரிக்கும் இடத்திலேயே பொருத்தும்போது மடிந்திருக்கிறது. இதற்குத்தான் பதினோரு மாதம்.

இரண்டு வாரம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். புகாரின்மேல் நடவடிக்கை எடுக்கப்பட்டுவிட்டது, திருப்தியா, பத்துக்கு எத்தனை மார்க் தருவீர்கள் என்று கேட்டாள். என்ன நடவடிக்கை என்று கேட்டேன். அதை வெளியே சொல்ல முடியாது என்றாள். பிறகு வண்டியை சர்வீஸுக்கு விடப் போனபோது அவர் மேஜையில் வேறொருவர் இருந்தார். டீ இல்லை. நான் வாயைத் திறக்கும்முன் டேப்லெட்டில் எல்லாக் குறைகளையும் டிக் செய்துவிட்டு, "உங்க டயர் தேய்ஞ்சிருக்கு, வைப்பர் போச்சு, ஏசி பில்டர் மாத்தணும்" என்று இந்தியில் அடுக்கினார். முன்பு இருந்தவரைப் பற்றிக் கேட்டதற்கு, ஐரோலியில் ஸ்பேர் பார்ட்ஸ் கோடவுனுக்கு மாற்றிவிட்டார்கள் என்றார். வாடிக்கையாளர் யாரும் வராத இடம்.

வாரம் மூன்று நாள் நான் ஐரோலிக்குப் போகிறவள். அந்தக் கோடவுன் எந்தத் தெருவில் இருக்கிறது என்று விசாரித்து வைத்துக்கொண்டேன். போகவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து அவரே என் கிளினிக்குக்கு வந்தார். கதவைத் தட்டிவிட்டு, உள்ளே வரலாமா என்று தயங்கி நின்றார். சந்தனம் இல்லை. கம்பெனிச் சட்டை இல்லை. வலது கை உடம்போடு ஒட்டிக்கொண்டு, இடது கையால் அதைத் தாங்கியபடி.

"கோடவுன்ல மேல் தட்டுல இருக்கிற பெட்டியை எடுக்க முடியலை மேடம். லேசாப் பிடிச்சிண்டிருக்கு. வேற யாரையும் தெரியாது, அதான் வந்தேன்."

உட்காரச் சொன்னேன். அவர் சட்டைப் பொத்தானைக் கழற்ற ஒரு நிமிடம் பட்ட பாட்டைப் பார்த்தேன். லேசாக இல்லை. தோள்மூட்டு முழுசாக இறுகிப்போயிருந்தது.

இந்த முறை முதலில் சொல்லிவிடவேண்டும் என்று தீர்மானித்தேன். "சார், அந்தக் கம்ப்ளெயின்ட் எழுதினது நான்தான். நீங்க லீக்னு எழுதிக் குடுத்தீங்களே, அதுக்கு முந்தின நாளே அனுப்பிட்டேன். உங்ககிட்ட சொல்லலை."

"தெரியுமே. மெயில் காப்பியை எனக்கும் காமிச்சா. நன்னா எழுதியிருந்தேள். தேதியெல்லாம் போட்டு." சிரித்தார். குத்தல் ஏதும் இல்லாத சிரிப்பு.

"கோபம் இல்லையா?"

"இருந்தது. ஒரு வாரம்." சற்று நிறுத்தி, "பத்து நாள்," என்று திருத்திக்கொண்டார்.

கட்டிலில் படுக்கவைத்து, அவர் முழங்கையையும் மணிக்கட்டையும் பிடித்து, கையைப் பக்கவாட்டில் மெதுவாக உயர்த்தினேன். "எங்கே வலிக்க ஆரம்பிக்குதோ, அங்கே சொல்லணும். சொன்னாத்தான் நான் நிறுத்துவேன்."

முப்பது டிகிரி. நாற்பது. ஐம்பது. "பரவாயில்லை," என்றார். அறுபதில் நெற்றியில் வியர்வை பூத்தது. "வலிக்குதா?" "இல்லையே." எழுபதில் அவர் இடது கை கட்டிலின் விளிம்பை இறுக்கிப் பிடித்தது. கால் விரல்கள் மடங்கின. முகத்தில் மட்டும் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது.

எனக்கு வந்த கோபத்தில் கையைக் கீழே வைத்துவிட்டேன். "சார், இது கோவண்டி இல்லை. நான் சந்தோஷமா இருக்கணும்னு நீங்க பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருந்தா, உள்ளே ஏதாவது கிழிஞ்சிரும். உங்க தோளு எனக்குள்ளே இல்லை. நீங்க சொல்லாம எனக்கு எப்படித் தெரியும்? சொல்ல முடியாதுன்னா எழுந்து போயிருங்க."

வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள். அது கிளம்பிப் போன பிறகு, "மறுபடி தூக்குங்கோ," என்றார்.

தூக்கினேன். நாற்பதைத் தாண்டியதுமே, "வலிக்கறது," என்றார். மிக மெல்லிய குரலில், பக்கத்து அறையில் யாரோ தூங்குவதுபோல. நான் நிறுத்தினேன். அவர் நிறுத்தவில்லை. "ரொம்ப வலிக்கறது மேடம். நாலு மாசமா இந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியலை. குளிச்சுட்டு முதுகு தொடைக்க முடியலை. ஆத்துல சொல்லலை. கோடவுனுக்கு மாத்தினதையே ரெண்டு மாசம் சொல்லலை. அதே கம்பெனிச் சட்டையில கிளம்பி, அங்கே போய் மாத்திண்டிருந்தேன்."

ஈரத்துணியைச் சூடாக்கி அவர் தோளில் போர்த்திவிட்டு, அவர் கேஸ் சீட்டில் நாற்பது என்று எழுதினேன்.

பன்னிரண்டு முறை வரச் சொல்லியிருந்தேன். எட்டு முறை வந்தார். அந்த எட்டு முறையும் வலிக்கும் இடத்தைச் சரியாகச் சொன்னார், சில சமயம் நான் தொடுவதற்கு முன்பே. ஒன்பதாவது நாள், வந்துகொண்டே இருக்கிறேன் என்று ஒரு செய்தி அனுப்பினார். கடைசி நோயாளியும் போன பிறகு ஒரு மணி நேரம் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. மறுவாரம் கூப்பிட்டேன். மணி அடித்து ஓய்ந்தது. பிறகு அந்த எண்ணே இல்லை என்று வந்தது. ஐரோலி கோடவுனுக்கு, கடைசியில், போனேன். வேலையை விட்டுப் போய்விட்டார் என்றார்கள், ஊருக்கா வேறு கம்பெனிக்கா என்று அங்கே யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

கடைசியாக நான் அளந்தபோது கை நூற்றைம்பது வரை உயர்ந்தது. முழுசாக உயர இன்னும் முப்பது டிகிரி வேண்டும். சுவரில் விரல்களால் ஏறும் பயிற்சியைத் தினமும் செய்தால் வந்துவிடும். செய்யாவிட்டால் இருப்பதும் போய்விடும், மறுபடி இறுகிக்கொள்ளும். இதை நான் அவரிடம் தெளிவாகச் சொல்லியிருக்கிறேன். தலையை ஆட்டினார்.